போட்டித் தேர்வும் தன்னம்பிக்கையும்: படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குரூப் 4, குரூப் 2, யுபிஎஸ்சி, நீட் என்று வருடக்கணக்கில் படிப்பவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். தெரியாததைத் தெரியும் என்று நம்புகிறார்கள். தெரிந்ததைச் சந்தேகப்பட்டு விட்டுவிடுகிறார்கள். மார்க் குறைந்த நாளில் தங்களையே திட்டித் தீர்த்துவிட்டு, அந்த வினாத்தாளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முதலாவதுக்குப் பணிவு வேண்டும், இரண்டாவதுக்குத் தன்னம்பிக்கை வேண்டும், மூன்றாவதுக்குத் தன்மேல் கொஞ்சம் பரிவு வேண்டும். மூன்றையும் பழகிக்கொள்ள முடியும்.

என்னிடம் இருப்பது தன்னம்பிக்கையா, தலைக்கனமா? எப்படித் தெரிந்துகொள்வது?

மனசைக் கேட்டால் பதில் கிடைக்காது. மாதிரித் தேர்வுத் தாளைக் கேளுங்கள். அடுத்த தேர்வில் ஒவ்வொரு கேள்விக்கும் விடை குறித்த கையோடு, வினாத்தாளின் ஓரத்தில் ஓர் எழுத்து போடுங்கள். உறுதியாகத் தெரிந்தால் ‘உ’, இரண்டு விடைகளுக்கு நடுவே ஊசலாடிக் குறித்திருந்தால் ‘பா’ (பாதி), குத்துமதிப்பு என்றால் ‘ஊ’ (ஊகம்). விடைக்குறிப்பைப் பார்ப்பதற்கு முன்பே இந்த எழுத்து விழுந்திருக்க வேண்டும். விடையைப் பார்த்த பிறகு போட்டால், “இது எனக்கு முன்னாடியே தெரியும்” என்று மனசு நம்மை ஏமாற்றிவிடும்.

திருத்தும்போது மொத்த மார்க்கோடு நிறுத்தாமல் மூன்று வகைக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். குரூப் 4 பாணியில் 200 கேள்வி, 300 மதிப்பெண் கொண்ட ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். ‘உ’ 110 கேள்விகள், அதில் 88 சரி. ‘பா’ 60, அதில் 45 சரி. ‘ஊ’ 30, அதில் 9 சரி. மொத்தம் 142 சரி, 213 மார்க். மார்க்கை மட்டும் பார்த்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பிரித்துப் பார்த்தால் இரண்டு விஷயம் வெளியே வருகிறது. உறுதி என்று நினைத்ததில் 22 தவறு, அதாவது 33 மார்க், இவர் சந்தேகமே படாத இடத்தில் போயிருக்கிறது. அதே ஆள், பாதி தெரியும் என்று பயந்து குறித்ததில் நான்கில் மூன்றைச் சரியாகப் போட்டிருக்கிறார். ஒரே மனிதரிடம் ஒரே தாளில் மிகை நம்பிக்கையும் குறை நம்பிக்கையும் சேர்ந்தே இருக்கின்றன. பெரும்பாலானோர் நிலைமை இதுதான். அதனால் “நான் கான்ஃபிடன்ஸ் இல்லாதவன்” என்று ஒட்டுமொத்தமாகத் தன்மேல் முத்திரை குத்திக்கொள்வதில் பொருளே இல்லை.

‘உ’ வகையில் 95 சதவீதத்துக்கு மேல் சரியாக வந்தால் உங்கள் உறுதியை நம்பலாம். 85-க்குக் கீழே இறங்கினால் அங்கேதான் முதல் வேலை. ஒரு தாளை வைத்து முடிவுக்கு வராதீர்கள். குறைந்தது ஐந்து தாள்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள்.

உறுதியாகக் குறித்ததே தவறாகப் போகிறது. ஏன்?

ஒரு தனி நோட்டு போட்டு அந்தக் கேள்விகளை மட்டும் எழுதுங்கள். அநேகமாக நான்கு காரணங்களுக்குள் அடங்கிவிடும்.

முதலாவது, இரட்டைப் பிறவிகள், அதாவது ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு தகவல்கள். அரசியலமைப்பில் நீதிப்பேராணை (ரிட்) பற்றிக் கேட்டால் உச்ச நீதிமன்றத்துக்குச் சரத்து 32, உயர் நீதிமன்றத்துக்குச் சரத்து 226. இரண்டையும் தனித்தனி நாளில் படித்தவருக்கு இரண்டுமே “தெரிந்த” மாதிரி இருக்கும், தேர்வறையில் மாறிவிடும். இவற்றை எப்போதும் ஜோடியாக, ஒரே வரியில் எழுதிப் படிக்க வேண்டும். இரண்டாவது, “தவறான கூற்று எது” என்பதைச் “சரியான கூற்று எது” என்று வாசிப்பது. இதைச் சில்லி மிஸ்டேக் என்று ஒதுக்குகிறோம். தாளுக்கு நான்கு முறை நடந்தால் அது பழக்கக் கோளாறு. கேள்வியின் கடைசிச் சொல்லுக்கு அடிக்கோடு போட்ட பிறகே விடைகளுக்குப் போவது என்று கையைப் பழக்குங்கள். மூன்றாவது, பழைய தகவல். நான்காவது, முதலில் கண்ணில் பட்ட விடை சரி என்று தோன்றியதும் மீதி மூன்றையும் வாசிக்காமலே வட்டமிடுவது.

கடைசி இரண்டுக்கும் ஒரே பயிற்சி போதும். கொரியட், லிக்டன்ஸ்டைன், ஃபிஷ்காஃப் ஆகிய மூன்று உளவியலாளர்களும் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், தான் தேர்ந்தெடுத்த விடை ஏன் தவறாக இருக்கலாம் என்று ஒரு காரணத்தை எழுத வைத்தபோது, மக்களின் நம்பிக்கை அளவு அவர்களுடைய உண்மையான திறமைக்கு நெருங்கி வந்தது. வீட்டுப் பயிற்சியில் வாரம் ஒரு நாள், ‘உ’ போட்ட 20 கேள்விகளுக்கு இப்படி எதிர்க் காரணம் ஒரு வரி எழுதிப் பாருங்கள். எதிர்க் காரணம் எழுதிய பிறகும் அசையாமல் நிற்கிற விடைதான் உண்மையான உறுதி. தேர்வு நாளில் இதைச் செய்யாதீர்கள், நேரம் போய்விடும்.

நெகட்டிவ் மார்க் இருக்கும் தேர்வில் துணிந்து குறிப்பதா, விட்டுவிடுவதா?

உங்கள் ‘ஊ’ கணக்கு சொல்லும். யுபிஎஸ்சி முதல்நிலைப் பொது அறிவுத் தாளில் சரியான விடைக்கு 2 மார்க், தவறுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கழியும். 20 கேள்விகளை ஊகித்து 5 சரி, 15 தவறு என்றால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. 7 சரியானால் 5 மார்க்குக்கு மேல் லாபம், 3 மட்டும் சரியானால் அதே அளவு நஷ்டம். நீட்டில் சரிக்கு 4, தவறுக்கு 1 கழியும் என்பதால் 20-க்கு 4 சரியானாலே சமன்.

எனவே ஐந்து தாள்களில் உங்கள் ஊகம் 35 சதவீதம் பலிக்கிறதென்றால், பயந்து விட்டுவரும் ஒவ்வொரு கேள்வியும் மார்க் இழப்பு. “எனக்கு அவ்வளவு தெரியாது” என்ற அடக்கம் இந்த இடத்தில் கெடுதல் செய்கிறது. 15 சதவீதம்தான் பலிக்கிறதென்றால், கேள்வித்தாள் விரிக்கும் வலையில் நீங்கள் சிக்குகிறீர்கள். குறைந்தபட்சம் இரண்டு விடைகளை நீக்க முடியாத கேள்வியைத் தொடாதீர்கள்.

குரூப் 4-இல் தவறான விடைக்கு மார்க் கழிப்பதில்லை. ஓஎம்ஆர் தாளில் ஐந்தாவது வட்டம் ‘விடை தெரியவில்லை’ என்பதற்கானது. நேரம் இருக்கும்போது அதை நிரப்புவது உங்களுக்கு எந்த நன்மையும் தராது.

தினமும் கண்ணாடி முன் நின்று “நான் ஜெயிப்பேன்” என்று சொல்லச் சொல்கிறார்கள். பலிக்குமா?

ஏற்கெனவே நம்பிக்கை உள்ளவருக்குக் கெடுதல் இல்லை. நம்பிக்கை தளர்ந்திருப்பவருக்கு எதிர்விளைவு வரலாம். கனடாவைச் சேர்ந்த ஜோன் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைவாக இருந்தவர்கள் தங்களைப் பற்றி நல்லபடியாகத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்கள் மனநிலை மேலும் இறங்கியது. காரணம் எளிது. வாய் ஒன்று சொல்ல, உள்ளே இருந்து “போன தடவை என்ன ஆச்சு?” என்று மறுகுரல் வருகிறது.

மறுகுரல் எழுப்ப முடியாத வாக்கியத்தைச் சொல்லுங்கள். “போன மாதம் 25 கணக்கில் 13 போட்டேன், இந்த மாதம் 17 போட்டேன்” என்பது அப்படிப்பட்டது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே சொன்னதுதான் இது: ஒரு காரியம் தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு மிக வலுவான ஊற்று, அதைச் செய்து முடித்த அனுபவம். பிறர் ஊக்கப்படுத்துவது அதற்குப் பின்னால்தான் வருகிறது. அதனால் நம்பிக்கை சரிந்திருக்கும் வாரத்தில் 30 சதவீதம் வாங்கும் பகுதியோடு மல்லுக்கட்ட வேண்டாம். 60, 70 சதவீதம் வாங்கும் பகுதியில், 25 கேள்வி, 25 நிமிடம் என்று சின்னத் தேர்வாக எழுதி மேலே ஏறுங்கள். சதவீதம், விகிதம், தனிவட்டி போன்ற கணக்குகள் இதற்கு நல்ல தொடக்கம். முன்னேற்றம் ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியும்.

புத்தகத்தை நாலு தடவை முடித்துவிட்டேன். படிக்கும்போது எல்லாம் தெரிகிறது, தேர்வில் வரவில்லையே?

திரும்பத் திரும்ப வாசிப்பது பொய்யான நம்பிக்கையைத் தரும் வழி. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் நடத்திய சோதனையில் ஒரு பத்தியை நான்கு முறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம்தான் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது, தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் முதல் குழுவினர்தான்.

சமச்சீர்ப் புத்தகத்தில் ஒரு பாடம் முடிந்ததும் மூடிவைத்து, வெற்றுத்தாளில் பத்து நிமிடம் நினைவில் உள்ளதை எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேருங்கள். முதல் வாரம் தாள் முழுக்கச் சிவப்பாகத்தான் இருக்கும். அதைப் பார்ப்பது கஷ்டம், ஆனால் பணிவு என்று நாங்கள் சொல்வது இந்தத் தாளைப் பார்க்கிற தைரியத்தைத்தான்.

என்மேல் நானே பரிவு காட்டினால் சோம்பேறி ஆகிவிட மாட்டேனா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை. நம் வீடுகளில் திட்டினால்தான் படிப்பான் என்று வளர்த்திருக்கிறார்கள். வீட்டார் திட்டாத வயது வந்ததும் நாமே அந்த வேலையை எடுத்துக்கொள்கிறோம்.

கலிஃபோர்னியாவில் ஜூலியானா பிரைன்ஸ், செரினா சென் இருவரும் 2012-இல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்று இதை நேராகச் சோதித்தது. மாணவர்களுக்குக் கடினமான சொற்களஞ்சியத் தேர்வு ஒன்றை வைத்தார்கள். பிறகு ஒரு குழுவிடம், இந்தத் தேர்வு பலருக்கும் கஷ்டமாக இருப்பதுதான், உங்களை ரொம்பக் கடிந்துகொள்ளாதீர்கள் என்றார்கள். இன்னொரு குழுவிடம், இந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததென்றால் நீங்கள் புத்திசாலிகள்தான் என்று புகழ்ந்தார்கள். மூன்றாவது குழுவிடம் எதுவும் சொல்லவில்லை. மறு தேர்வுக்கு அதிக நேரம் உட்கார்ந்து படித்தவர்கள் முதல் குழுவினர். கனடாவில் 2010-இல் வந்த இன்னோர் ஆய்வும் இதே திசையில்தான் போகிறது: முதல் தேர்வுக்குப் படிப்பைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள்.

ஏன் இப்படி? திட்டு விழும் என்று தெரிந்த இடத்துக்கு யாரும் விரும்பிப் போக மாட்டோம். தவறான 22 கேள்விகளைத் திறந்தால் “நீ உருப்பட மாட்டே” என்று ஒரு குரல் உள்ளே கேட்குமானால், அந்த நோட்டைத் திறப்பதே நின்றுபோகும். குரல் தணிந்தால் நோட்டு திறக்கும்.

ஒரு எல்லை மட்டும் இருக்கிறது. “பரவாயில்லை, இன்றைக்குப் படம் பார்க்கலாம்” என்று நோட்டை மூடவைப்பது சலுகை. “வலிக்கிறது, இருந்தாலும் பத்துக் கேள்வி பார்த்துவிடுவோம்” என்பதே பரிவு. எது எது என்று சந்தேகம் வந்தால், அந்தப் பேச்சுக்குப் பிறகு நோட்டு திறந்ததா மூடியதா என்று பாருங்கள்.

ரிசல்ட் வந்து பெயர் இல்லை. அன்றைக்கு என்ன செய்ய வேண்டும்?

அன்றைக்கு ஆராய்ச்சி வேண்டாம். கீயையும் கட் ஆஃபையும் டெலிகிராம் குழுக்களையும் ஒரு நாள் தள்ளிவையுங்கள். சாப்பிடுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், தூங்குங்கள். புதுத் திட்டம், புது டைம்டேபிள், வேறு கோச்சிங் சென்டர் என்று அன்றிரவு எடுக்கும் முடிவுகள் ஒரு வாரம் தாங்குவதில்லை.

மறுநாள் காலையில் 15 நிமிடம், கையால் எழுதுங்கள். உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் தன்மேல் பரிவு என்பதை மூன்று பகுதிகளாக வரையறுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம். முதல் பத்தியில் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள்: “கட் ஆஃபுக்கு 9 மார்க் குறைவு. ஏமாற்றமாக இருக்கிறது, அப்பாவைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.” “என் வாழ்க்கையே போச்சு” என்பது கூட்டல், அடித்துவிடுங்கள். இரண்டாவது பத்தியில், இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்பதை எழுதுங்கள். 2022 குரூப் 4-க்கு அறிவிப்பு வந்தபோது இருந்த இடங்கள் 7,301, விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு ஏறக்குறைய 300 பேர். உழைத்துப் படித்த பல்லாயிரம் பேரின் பெயரும் அந்தப் பட்டியலில் இல்லை. மூன்றாவது பத்தியில், உங்கள் தங்கைக்கு இதே மார்க் வந்திருந்தால் என்ன சொல்வீர்களோ அதை அப்படியே எழுதி, தங்கையின் பெயர் இருக்கும் இடத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள்.

பலருக்கு மூன்றாவது பத்தியில் பேனா நின்றுவிடும், செயற்கையாக இருக்கும். இரண்டே வரி வந்தாலும் போதும். அதன் பிறகு, மூன்றாம் நாள், தாளை எடுத்து ‘உ’, ‘பா’, ‘ஊ’ கணக்கைப் போடுங்கள்.

சொந்தக்காரர்கள் “என்னப்பா ஆச்சு ரிசல்ட்?” என்று கேட்டால்?

விசேஷ வீட்டுக்குப் போகும் முன்பே மூன்று வாக்கியம் தயார் செய்துகொள்ளுங்கள். நடந்தது ஒன்று, காரணம் ஒன்று, அடுத்தது ஒன்று. “இந்தத் தடவை 9 மார்க்ல போயிடுச்சு மாமா. கணக்குல வர வேண்டியதை விட்டுட்டேன். அடுத்த நோட்டிஃபிகேஷனுக்குக் கணக்குலேருந்துதான் ஆரம்பிச்சிருக்கேன்.” கேள்வித்தாள் லீக், அதிர்ஷ்டம் என்று நீட்டினால் பேச்சு வளரும். தலைகுனிந்து “நான் வேஸ்ட்டு மாமா” என்றால் அறிவுரை அரை மணி நேரம் ஓடும்.

என்னோடு படிக்கும் ஒருவர் எப்போதும் அதிகம் வாங்குகிறார். அவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

“எப்படிப் படிக்கிறே?” என்று பொதுவாகக் கேட்பதால்தான் கூச்சம் வருகிறது. பதிலும் பொதுவாகத்தான் வரும். தாளை எடுத்துப்போய் ஒரே ஒரு கேள்வியைக் காட்டி, “இதுல நீ முதல்ல எந்த விடையை அடிச்சே, ஏன்?” என்று கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் முடியும். பதிலுக்கு உங்களுக்கு வலுவான பகுதியில் அவருக்கு ஒன்று சொல்லிக் கொடுங்கள். இப்படிக் கொடுத்து வாங்கும் நான்கு பேர் கொண்ட குழு, தனியாகப் படிக்கும் பலரைவிட நன்றாக முன்னேறும் என்பது எங்கள் கருத்து.

நேர்முகத் தேர்வில் தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் மார்க் குறையாதா?

யுபிஎஸ்சி ஆளுமைத் தேர்வுக்கு 275 மதிப்பெண். அறிவை எழுத்துத் தேர்வு ஏற்கெனவே அளந்துவிட்டது. “மன்னிக்கவும் ஐயா, இது எனக்குத் தெரியவில்லை” என்று கண்ணைப் பார்த்து, குரல் குறையாமல் சொல்லி நிறுத்துங்கள். ஐந்து முறை மன்னிப்பு கேட்க வேண்டாம். பாதி தெரிந்தால் எல்லையைக் காட்டிப் பேசுங்கள்: “சட்டம் வந்த பின்னணி தெரியும், சமீபத்திய திருத்தம் தெரியவில்லை.” இட்டுக்கட்டிய பதிலுக்கு அடுத்த கேள்வி அதிலிருந்தே வரும், அங்கே மாட்டிக்கொள்வோம். இதற்கான பயிற்சி: நண்பரை விட்டு பத்துக் கேள்வி கேட்கச் சொல்லி, அதில் மூன்று உங்களுக்கு நிச்சயம் தெரியாததாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மகன் இரண்டாம் முறை நீட் எழுதுகிறான். நான் எப்படிப் பேசுவது?

“உன்னால முடியாதது ஒண்ணுமே இல்லடா” என்பதும் பாரம்தான், பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஒப்பிடுவது போலவே. மாதிரித் தேர்வு முடிந்து வந்ததும் மார்க் கேட்காதீர்கள். சாப்பாடு போடுங்கள். அடுத்த நாள், “எந்தப் பாடத்துல நேரம் பத்தல?” என்று கேளுங்கள். அதற்கு அவனால் பதில் சொல்ல முடியும். “ஏன் குறைஞ்சது?” என்பதற்கு முடியாது.

தேர்வாகி வேலைக்கும் வந்துவிட்டேன். இன்னும் தகுதியில்லாதவன் போலவே தோன்றுகிறது.

முதல் ஆறு மாதம் இது இயல்பு. தேர்வுக்குப் படித்தது வேறு, வேலை வேறு. கிராம நிர்வாக அலுவலராகச் சேரும் 24 வயதுக்காரருக்கு அதிகாரம் இருக்கும், ஊர் தெரியாது. ஊர் எல்லைகள் தெரிந்தவர் அங்கே பல வருடமாக இருக்கும் கிராம உதவியாளர். “அண்ணே, இந்தப் புல எண்ணோட எல்லைக்கல்லை ஒரு தடவை காட்டுங்க” என்று புலப்படத்தோடு அவர் பின்னால் நடப்பதில் பதவிக்கு எந்தக் குறையும் இல்லை. அதே சமயம், “எல்லாம் சரியாத்தான் இருக்கு, போட்டுடுங்க” என்று யார் சொன்னாலும், அடங்கலில் (பயிர் விவரப் பதிவேட்டில்) எழுதும் பயிரை நிலத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கற்றுக்கொள்ள அண்ணன், கையெழுத்துக்குப் பொறுப்பு நீங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதட்டுபவர்களாகவோ, ஆட்டுவிக்கப்படுபவர்களாகவோ ஆகிறார்கள்.

எத்தனை முறை எழுதலாம்? நிறுத்துவது தோல்விதானே?

ரிசல்ட் வந்த வாரத்தில் இதை முடிவு செய்யாதீர்கள், இரண்டு பக்கமும் தவறாகப் போகும். அடுத்த முயற்சி தொடங்கும் நாளிலேயே எழுதிவையுங்கள்: எந்த மாதம் வரை, எவ்வளவு செலவு வரை, எந்த மார்க்கைத் தொட வேண்டும், தொடாவிட்டால் எந்த வேலை. கடைசி ஆறு மாதிரித் தேர்வுகளின் மார்க் ஏறிக்கொண்டிருந்தால் தொடர ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு வருடமாக ஒரே இடத்தில் நின்றால், முறையை மாற்றாமல் தொடர்வதற்கு நியாயம் இல்லை. பகுதிநேர வேலையோடு தொடர்வதையும் ஒரு வழியாக எண்ணுங்கள். எழுதிவைத்த எல்லையில் நிறுத்துகிறவர் தன்னை அறிந்து முடிவெடுக்கிறார்.

எப்போது வெளியிலிருந்து உதவி கேட்க வேண்டும்?

தூக்கம், பசி, யாரோடும் பேசும் விருப்பம் இவை இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், அல்லது பிழைத்திருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் சொன்ன பயிற்சிகள் எதுவும் அதற்குப் போதாது. மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டு அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, வெளிநோயாளிச் சீட்டு போட்டுப் பார்க்கலாம். நண்பருக்கு அப்படி இருந்தால், எண்ணை அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள், கூடப் போங்கள்.